தோப்புக்கு ஒரு வண்டி: கல்லாவைக் கேட்டு வாங்குவோம்



சென்ற மாதம் ஒருநாள் மாலை, கடை அடைக்கும் நேரத்தில், நமது மண்டிக்குச் சில்லறை வணிக நண்பர் ஒருவர் வந்தார். பல வருடங்களாக நம்மிடம் சரக்கு எடுப்பவர்; வாரம் தவறாமல் பாக்கியைத் தீர்ப்பவர். அன்று அவர் பருப்பு விலையும் பேசவில்லை, எண்ணெய் விலையும் பேசவில்லை. சிறிது நேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணாச்சி, இந்தத் தடவை பாக்கியை ரெண்டு மாசம் கழிச்சுத் தரலாமா?" என்று கேட்டார்.

"வீட்டில் ஏதும் விசேஷமா?" என்றோம்.

"விசேஷம் ஒண்ணும் இல்ல. பையன் ஜீப் எடுக்கணும்னு நிக்கான். தோப்புக்கும் ஆச்சு, ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட போய்வரவும் ஆச்சுங்கான். முன்பணம் கட்டணும்."

அவருக்கு அய்யனார் கோவில் சாலையை ஒட்டி மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கடை வைத்திருக்கும் நம்மில் பலருக்கு இப்படி மலையடிவாரத்தில் கொஞ்சம் தென்னையோ மாவோ உண்டு. தோப்புக்கு வண்டி வேண்டும் என்ற பேச்சு பல வீடுகளில் நடக்கிறது. எனவே அந்த நண்பருக்குச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதுவது பயன் தரும் என்று கருதுகிறோம்.

வண்டி வாங்குவது தவறு என்பது நமது கட்சி அல்ல. கடை முதலில் கை வைத்து வண்டி வாங்குவதுதான் தவறு. அந்த முன்பணம் நண்பரின் பணம் அல்ல. நம்மிடம் கடனாக எடுத்த சரக்கை விற்று வந்த பணம். நாமும் அதை விருதுநகர் சந்தைக்குக் கட்ட வேண்டியவர்கள். ஒரு கடையின் முதல் ஓரிடத்தில் நின்றால், அதன் பின்னால் நாலு கடையின் முதல் நிற்கும்.

நாம் பட்ட பாடு

இதைச் சொல்லும் தகுதி நமக்கு வந்தது பட்ட பிறகுதான். 1996-ல் நாமும் ஒரு ஜீப் வாங்கினோம். அப்போது நமக்கு முப்பத்தைந்து வயது கடந்திருந்தது. மலையடிவாரத்தில் நாலு ஏக்கர் மாந்தோப்பு புதிதாகக் கைக்கு வந்திருந்தது. சொந்த ஜீப்பில் தோப்புக்குப் போய் இறங்கினால் ஊர் பார்க்கும் என்ற எண்ணமும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. வங்கியில் கடைக்கு வைத்திருந்த கேஷ் கிரெடிட்டில் இருந்து பணம் எடுத்துக் கொடுத்தோம்.

ஆவணி போயிற்று, புரட்டாசி வந்தது. தீபாவளிச் சரக்கு எடுக்கும் காலம். விருதுநகரில் நாம் வழக்கமாகப் பருப்பும் வற்றலும் எடுக்கும் இடத்தில் பழைய பாக்கி நின்றது. "இப்போ சரக்கு இல்ல" என்று பதில் வந்தது. அதே வாரம் நமக்கு இரண்டு கடை தள்ளி அதே இடத்து மூட்டைகள் இறங்கின. அவர்கள் மேல் நமக்கு வருத்தம் இல்லை. பணம் கொடுத்தவருக்குச் சரக்குப் போயிற்று. ஆனால் அந்தத் தீபாவளிக்கு நம்மை விட்டுப் போன சில்லறைக் கடைக்காரர்களில் பாதிப்பேர் திரும்பி வரவில்லை. ஜீப்பை மூன்று வருடத்தில் விற்றுவிட்டோம். போன நம்பிக்கையை மீட்க அதைவிட அதிக வருடம் ஆயிற்று.

தோப்பு என்ன கேட்கிறது?

வண்டி பார்க்கப் போகுமுன் தோப்பைப் பார்க்க வேண்டும். தென்னையில் ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு. வருடத்துக்கு ஆறு முதல் எட்டு வெட்டு. உரிக்காத காய் ஆயிரம் என்றால் எடை ஒரு டன்னைத் தாண்டிவிடும். அதை எந்த ஜீப்பிலும் ஏற்ற முடியாது, ஏற்றவும் வேண்டியதில்லை. பெரும்பாலும் காய் வியாபாரியே ஆளோடு வந்து, வெட்டி, எண்ணி, தன் லாரியில் ஏற்றிப் போகிறார். மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டவருக்கு அந்தக் கவலையும் கிடையாது.

அப்படியானால் நாம் தோப்புக்குக் கொண்டுபோவது என்ன? 45 கிலோ யூரியா மூட்டை நாலு, 50 கிலோ பொட்டாஷ் இரண்டு, சொட்டுநீர்க் குழாய், பழுதான மோட்டார், எப்போதாவது எரு. இவ்வளவுதான். இதற்குச் சிறிய சரக்கு வண்டி தாராளம். 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு, முக்கால் டன் வரையிலான பாரத்துக்கு ஊருக்கு ஊர் வாடகை வண்டி நிற்கிறது.

அடுத்தது பாதை. நமது வட்டாரத்தில் மேற்கே மலைப்பக்கம் செவலும் சரளையும். கிழக்கே சாத்தூர்ப் பக்கம் போகப் போகக் கரிசல். செவல் பாதையில் மழை விட்ட சில மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும். பின் சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண வண்டி, அடித்தட்டு உயரமாக இருந்தால், அங்கே வருடம் முழுவதும் போகும். கரிசல் அப்படி அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் டயரின் பள்ளங்களை மண் அப்பி மூடிவிடும். அதன்பின் நான்கு சக்கரமும் சுற்றினாலும் வண்டி வழுக்கத்தான் செய்யும். அங்கே பொருத்தமான டயர்தான் முதல்; நான்கு சக்கர இழுவை அதற்குப் பின்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி மேட்டில் ஏற உதவும், மணலில் இருந்து வெளியே வர உதவும். ஆனால் இறக்கத்தில் பிரேக் பிடித்து நிற்பதில் அதற்குத் தனிச் சலுகை இல்லை. ஈர இறக்கத்தில் மற்ற வண்டி வழுக்கினால் இதுவும் வழுக்கும். இளைஞர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

சந்தையில் இருப்பவை

ஜீப் நமக்குப் புதிதல்ல. மகேந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியிலேயே வில்லிஸ் ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1985-ல் மாருதி ஜிப்சி வந்தது; இப்போது அது பொதுமக்களுக்கான விற்பனையில் இல்லை. 2000-ல் பொலிரோ, 2010-ல் தார், 2020-ல் புதிய தார், 2023-ல் ஜிம்னி என்று வரிசை நீண்டது. இவற்றைத் தோப்புக் கண்ணோடு பார்ப்போம்.

தார், ஜிம்னி, கூர்க்கா போன்றவை ஆள் போவதற்கான வண்டிகள். ஜிம்னிக்கும் கூர்க்காவுக்கும் நான்கு சக்கர இழுவையும், ஏற்றத்துக்கான லோ கியரும் உண்டு. தாரில் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள வகையும் விற்கிறது. வெளித்தோற்றத்தில் ஏமாந்துவிடக் கூடாது. இவற்றில் ஆள் உட்கார்ந்தால் மூட்டைக்கு இடம் குறைவு.

பொலிரோ பின்சக்கர இழுவைதான். ஆனாலும் சேஸிஸ் மேல் கட்டிய உறுதியான வண்டி. நமது வட்டாரத்தில் கை வைக்கத் தெரியாத மெக்கானிக் இல்லை. இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப் வண்டியில் முன்னே ஐந்து பேரும் பின்னே பாரமும் போகலாம். தோப்பு உள்ளவருக்கு இதுவே பொருத்தம் என்பது நமது கருத்து. தோப்புக்குள் உழவு, எரு என்று வேலை அதிகம் உள்ளவருக்கு மினி டிராக்டர் நல்லது. வருடத்தில் சில நாள் மட்டும் உழவு என்றால் வேளாண் பொறியியல் துறையிடம் டிராக்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம்.

மோட்டார் சைக்கிள் போலக் கைப்பிடியும் நான்கு குண்டு டயரும் உள்ள ஏ.டி.வி. வண்டியை மலைவாசத்தலங்களில் நமது பிள்ளைகள் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். வெளிநாட்டுப் பண்ணைகளில் இது பெரிதும் பயன்படுகிறது. அங்கேயே இது குப்புறக் கவிழ்ந்து ஆளை அமுக்கிய விபத்துகள் பல. அதனால்தான் ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல், பண்ணைக்கான புதிய வண்டிகளை ஓட்டுபவரைக் காக்கும் கம்பி இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் செய்தார்கள். நமது தோப்புகளில் வரப்பும் வாய்க்காலும் அதிகம். கவிழ்வதற்கு அவை போதும். மேலும், பதிவு எண் கிடைக்காத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருவதில்லை. வீட்டிலிருந்து தோப்புக்கு அதை இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

கணக்கு

இனி நமது தொழிலான கணக்குக்கு வருவோம். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். வண்டி விலை 15 லட்சம். முன்பணம் 5 லட்சம். 10 லட்சம் கடன், ஐந்து வருடம், ஒன்பதரை சதவீத வட்டி. மாதத் தவணை ஏறக்குறைய 21,000 ரூபாய்.

மளிகையில் எல்லாச் செலவும் போக நூற்றுக்கு இரண்டு ரூபாய் நிற்கிறது என்று வைப்போம். 21,000 ரூபாய் நிற்க மாதம் பத்தரை லட்சத்துக்குச் சரக்கு விற்க வேண்டும். அந்த விற்பனை முழுவதும் வண்டிக்கே போய்விடும்.

கதை இதோடு முடியவில்லை. முன்பணமாகப் போன 5 லட்சம் கடையில் இருந்தால் மாதம் ஒருமுறை புரளும். இரண்டு சதவீதம் என்றால் மாதம் 10,000 ரூபாய். அது வராமல் போவதும் செலவுதான். ஆக மாதம் 31,000. ஐந்து வருடம் கழித்து வண்டி பாதி விலைக்குப் போகும் என்று நல்ல மனத்தோடு வைத்து, மாதம் 12,500 கழித்துக்கொள்வோம். மீதி 18,500. மாதம் எட்டு முறை தோப்புக்குப் போகிறோம் என்றால், ஒருமுறை போய்வர 2,300 ரூபாய்க்கு மேல். டீசல், இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ் எல்லாம் இதற்கு வெளியே. இந்தத் தொகையை உங்கள் ஊர் வாடகை வண்டிக் கூலியோடு வைத்துப் பாருங்கள்.

வரியும் சட்டமும்

"கடை பெயரில் எடுங்க, ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைச்சிரும்" என்று வண்டி விற்கும் இடங்களில் சிலர் சொல்வது உண்டு. இதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிடலாகாது. ஓட்டுநரையும் சேர்த்துப் பதின்மூன்று பேர் வரை உட்காரும் ஆள் வண்டிக்கு, சாதாரண மளிகை வணிகர் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. சரக்கு வண்டிக்கு எடுக்கலாம். ஆனால் அது வரி உள்ள வியாபாரத்துக்குப் பயன்பட வேண்டும். தோப்பு வேலைக்கு மட்டும் ஓடும் வண்டிக்கு அது பொருந்தாது. காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறு வணிகர்களுக்கு எந்த உள்ளீட்டு வரியும் இல்லை.

2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதமும் மாறியது. சரக்கு வண்டிக்கு 28-லிருந்து 18 சதவீதம் ஆயிற்று. சாதாரண விவசாய டிராக்டருக்கு 12-லிருந்து 5 ஆயிற்று. நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் 1200 சி.சி. அல்லது டீசல் 1500 சி.சி.க்குள் எஞ்சினும் உள்ள ஆள் வண்டிக்கு 18 சதவீதம். அதைத் தாண்டிய பெரிய வண்டிக்கு 40 சதவீதம். ஒரே பெயரில் வரும் வண்டியில்கூட எஞ்சினைப் பொறுத்து வரி மாறும். விலைப்பட்டியலை வாங்கிக்கொண்டு நேரே உங்கள் கணக்கரிடம் போங்கள்.

சரக்கு வண்டியின் பாரப்பெட்டியில் தோப்பு ஆட்களை ஏற்றுவதும், டிராக்டர் டிரெய்லரில் குடும்பத்தை ஏற்றுவதும் கண்ணால் காணும் வழக்கம். சட்டம் அதை அனுமதிக்கவில்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் இழப்பீட்டிலும் சிக்கல் வரும். ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் ஒரு நிம்மதி உண்டு. இலகுரக வாகன உரிமம் உள்ளவர் மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. பிக்கப் வண்டிக்கென்று தனி உரிமம் தேடி அலைய வேண்டியதில்லை.

பழைய வண்டி வாங்குபவர்கள் ஆர்.சி. புத்தகத்தில் கடன் குறிப்பு நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பதினைந்து வருடம் முடிந்த சொந்த உபயோக வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி என்றால், அதைப் போட்டு மண்ணில் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வருடக்கணக்கில் போடாமலே விட்ட இழுவை, வேண்டிய நாளில் விழாது.

ஞாயிற்றுக்கிழமை

உல்லாசத்துக்கு வண்டி கேட்பதை நாம் கேலி செய்யவில்லை. வாரத்தில் ஆறு நாள் கல்லாவில் உட்கார்ந்தவன் ஏழாவது நாள் மலையைப் பார்க்க ஆசைப்படுவது நியாயம். நமது மலையைப் போல வேறு மலையும் இல்லை. ஆனால் அந்த மலைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட நமது காடு, 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆயிற்று. வனத்துறை அனுமதி இல்லாமல் அதற்குள் வண்டி விடுவது குற்றம். நான்கு சக்கரம் இழுக்கிறதே என்று செண்பகத்தோப்புக்கு அப்பால் ஏறிப் பார்ப்பவர், வண்டியை வனத்துறையிடம் விட்டுவிட்டு வர நேரலாம்.

ஓடையில் வண்டி இறக்குவது இன்னும் ஆபத்து. மலை மேல் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் பக்தர்களின் உயிரைக் கொண்டுபோனதை நாம் மறந்துவிடலாகாது. அடிவாரத் தோப்புகளில் யானை வருவதும் உங்களுக்குத் தெரியும். இருட்டிய பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு யானை பார்க்கப் போவதை உல்லாசம் என்று சொல்ல மாட்டோம்.

நமது யோசனை

அந்த நண்பரிடம் நாம் சொன்னது இதுதான். பாக்கியை வாங்காமல் இருக்கவும் மாட்டோம், வண்டி வேண்டாம் என்று சொல்லவும் மாட்டோம். ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தோம். "தோப்புக்குப் போற ஒவ்வொரு தடவையும் தேதி, எத்தனை பேர், என்ன பாரம், பாதை எப்படி இருந்துச்சு, இந்த நாலையும் மகனை எழுதச் சொல்லுங்க. ஒரு மாசம் கழிச்சுப் பேசுவோம்" என்றோம்.

ஒரு மாதம் கழித்து வந்தார். மகனும் கூட வந்திருந்தான். நோட்டில் ஏழு வரி இருந்தது. ஐந்து தடவை ஒருவர் மட்டும், பாரம் இல்லாமல், மோட்டார் சைக்கிளில். ஒருதடவை உர மூட்டை, வாடகை வண்டியில். ஒருதடவை குடும்பத்தோடு, பாதை நன்றாக இருந்தது. பையன் அதை நம்மிடம் கொடுக்கும்போது கொஞ்சம் வெட்கப்பட்டான். "வெட்கப்படாதே தம்பி, 1996-ல் நமக்கு இந்த நோட்டை யாரும் கொடுக்கவில்லை" என்றோம். பாக்கி அன்றே தீர்ந்தது. ஜீப்புப் பேச்சைப் பொங்கல் கழித்துப் பார்ப்பதாக அப்பாவும் மகனும் பேசிக்கொண்டார்கள்.

மற்ற நண்பர்களுக்கும் நாம் சொல்வது அதுவே. ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். முடிந்தால் மழை மாதத்தில் எழுதுங்கள். வண்டிப் பணத்தைத் தோப்பு வருமானத்தில் இருந்து தனியாகச் சேருங்கள். தேங்காய் கட்டும் தவணையாக இருந்தால் வாங்குங்கள்; மளிகை கட்டும் தவணையாக இருந்தால் நிறுத்துங்கள். ஒரே பாதையில் தோப்பு வைத்திருக்கும் மூன்று நாலு பேர் சேர்ந்து ஒரு பிக்கப் எடுத்துச் செலவைப் பங்கிடுவது பற்றியும் யோசிக்கலாம். யார் பெயரில் எடுப்பது, யார் எந்தச் செலவை ஏற்பது என்பதை மட்டும் முதலிலேயே எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு நமது சங்கம் வழிகாட்டினால் பலருக்கு உதவியாக இருக்கும்.

வாசலில் புதிய வண்டி நின்றால் தெரு பார்க்கும். கெடு தவறாமல் பாக்கி தீர்த்தால் சந்தை பார்க்கும். நமக்குச் சரக்குக் கொடுப்பது சந்தைதான்.